முட்டை, கோழிக்கறி, மனசாட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வைகாசியில் ஒரு காதுகுத்து விருந்தில், இலையில் வைத்த பிராய்லர் வறுவலையும் அவித்த முட்டையையும் தொடுவதற்கு முன்பே பக்கத்தில் இருந்த பையன் இலைக்கு மாற்றிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அன்று ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. எங்களுக்கு ராசிபுரம் பக்கம், நாமக்கல் மாவட்டம். சித்தப்பா லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார், மச்சான் ஒருவர் தீவன ஏஜென்சி நடத்துகிறார், ஆக கேட்பவர்களில் பாதிப் பேர் கோழியால் சாப்பிடுகிறவர்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

சைவமா மாறிட்டீங்களா?

இல்லை. ஆட்டுக்கறி சாப்பிடுகிறேன், மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. தெரிந்தவர் தோட்டத்தில் மேய்ந்து திரிந்த கோழி கிடைத்தால் அதையும் சாப்பிடுவேன். கூண்டு முட்டையும் பிராய்லரும் மட்டும் விட்டாயிற்று. அரைகுறை என்றால் அரைகுறைதான்.

ஏன் கோழியைப் பிடிச்சுக்கிட்டீங்க? யானை, மாடு, நாய் எல்லாம் இருக்கே?

எண்ணிக்கைதான் காரணம். ஒரு கிடாயை அறுத்தால் ஒரு பந்திக்கே வரும். ஒரு கோழி நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு மதியச் சாப்பாடு, அதிலும் லெக் பீஸுக்குச் சண்டை. நாம் தின்னும் நிலத்து உயிர்களில் மிகப் பெரும்பாலானவை கோழிகள். அதோடு கோழிக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு, யாரும் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. யானையைப் பாகன் அடிக்கிற வீடியோ வந்தால் ஊரே கொதிக்கிறது. டிவிஎஸ் வண்டியின் ஹேண்டில்பாரில் பத்துக் கோழிகள் தலைகீழாகத் தொங்கிப் போனால் நாம் ஹாரன் அடித்துவிட்டு ஓவர்டேக் செய்கிறோம்.

கோழிக்கு வலி தெரியுமா என்ன? அதுக்கு மூளை எவ்வளவு இருக்கும்?

தெரியும். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வு ரொம்ப எளிமையானது. பிராய்லர் கோழிகளுக்கு இரண்டு நிறத்தில் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் மட்டும் வலி மருந்து கலந்திருந்தது. கால் முடமான கோழிகள் மருந்து கலந்த நிறத்தைத் தேடி அதிகமாகத் தின்றன, முடம் கூடக்கூட அதைத் தின்பதும் கூடியது. தைலம் தேய்த்துக்கொள்ளும் கிழவிக்கும் அந்தக் கோழிக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூளையின் அளவை வைத்து வலியை அளக்க முடியாது.

மீன், நண்டு? மீனுக்கும் வலி உணர்வு உண்டு என்பதற்குச் சான்றுகள் கூடிக்கொண்டே வருகின்றன. நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்கள் என்று பிரிட்டன் 2022இல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. ஆனால் இங்கே கோழியோடு நிறுத்திக்கொள்கிறேன், இல்லையென்றால் முடிக்கவே முடியாது.

கூண்டுல என்னதான் பிரச்சினை? தீவனம், தண்ணி, மருந்து எல்லாம் நேரத்துக்குக் கிடைக்குது. நரி இல்லை, பருந்து இல்லை.

இதுதான் சித்தப்பா கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அம்மாயி வீட்டில் அடுப்புச் சாம்பலைக் கொட்டும் குழி ஒன்று உண்டு. மதியம் வெயில் ஏறியதும் கோழிகள் வரிசையாக வந்து அதில் படுக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலால் சாம்பலை வாரி இறகுக்குள் போட்டுக்கொண்டு, கண்ணை அரைக்கண்ணாக மூடிக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே கிடக்கும், அப்புறம் எழுந்து ஒரு உதறு உதறும் பாருங்கள், சாம்பல் புகையாகப் பறக்கும். குளியல் அதுதான். எந்தக் கோழிக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

சித்தப்பாவின் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண் எரியும், கீழே குவிந்த எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா அது. கூண்டின் தரை வெறும் கம்பி வலை, முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்பதற்காகக் கொஞ்சம் சரிவாக இருக்கும். ஒருநாள் தண்ணீர் நிப்பிளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கோழி அந்தக் கம்பி மேலே சாய்ந்து படுத்தது. இறகைப் புடைத்துக்கொண்டு காலால் வாரிப் போட்டது. வாருவதற்கு எதுவுமே இல்லை, வெறும் கம்பி. மற்ற இரண்டு கோழிகள் அதன் மேல் ஏறி நின்றன. அது விடாமல் குளித்துக்கொண்டே இருந்தது, மண் இல்லாத குளியல். கோழி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சிதானாம், கூண்டுக் கோழிகள் உலகம் முழுக்க இப்படித்தான் செய்கின்றன. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முட்டையிடுவதும் அப்படித்தான். முட்டையிடப் போகும் கோழி மறைவான இடம் தேடும், வைக்கோல் போர், உரல் பின்னாடி, சில சமயம் துவைக்கப் போட்ட துணிக் கூடை. கூண்டில் அது தினமும் தேடுகிறது, தினமும் கிடைப்பதில்லை, தினமும் கம்பி மேலேயே இடுகிறது.

இடத்தின் அளவு தெரியவேண்டுமென்றால் ஒரு ஏ4 தாளைத் தரையில் போட்டுப் பாருங்கள். அது சுமார் 623 சதுர சென்டிமீட்டர். ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விதிகளே ஒரு கோழிக்குக் குறைந்தபட்சம் 550 சதுர சென்டிமீட்டர்தான் கேட்கின்றன, தாளைவிடச் சின்னது. அந்த அளவில் ஒரு கோழி இறக்கையை முழுசாக விரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மாதிரி வெறுங்கூண்டை 2012 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. நம் சட்ட ஆணையமும் 2017இல் கோழி வளர்ப்பைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது.

பருந்து இல்லை என்பது உண்மை. அதே சமயம் காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு டஜன் சுமாருக்கு முட்டையிடும், லேயர் 300க்கு மேல் இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தீவனத்திலிருந்து எடுத்தது போக மிச்சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. முட்டை குறைந்த கோழிகளை லோடு ஏற்றும்போது கூண்டிலிருந்து காலைப் பிடித்து இழுத்தால் சில எலும்புகள் அங்கேயே ஒடியும். ஏற்றுகிறவர்கள் அதை ஒரு சத்தமாகத்தான் சொல்வார்கள், "முறுக்கு மாதிரி".

ஆண் குஞ்சுகள் என்ன ஆகும்?

லேயர் இனத்தின் சேவல் முட்டையும் இடாது, பிராய்லர் மாதிரி கறியும் பிடிக்காது. குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்துவிடுவார்கள். அரைத்தோ மூச்சு முட்டவைத்தோ கொல்வது உலகம் முழுக்க நடைமுறை. ஜெர்மனி இதை 2022 முதல் தடை செய்தது, அங்கே குஞ்சு பொரிவதற்கு முன் முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள். நம் ஊரில் இதில் ஒரு பங்கு பச்சை, ரோஸ், மஞ்சள் சாயத்தில் முக்கியெடுக்கப்பட்டுத் திருவிழாவில் அட்டைப் பெட்டியில் விற்பனைக்கு வரும். சின்ன வயதில் நானும் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் நாள் செத்துப்போனது, அழுதேன், அடுத்த வருஷமும் வாங்கினேன்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்களாமே?

இல்லை. இந்த வாட்சப் செய்தியைத் தயவுசெய்து இனிமேல் அனுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. ஆன்டிபயாடிக் விவகாரம் உண்மை, கொலிஸ்டின் என்ற மருந்தை உணவு விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்தியா 2019இல் தடை போட வேண்டியிருந்தது.

ஆனால் ஹார்மோன் இல்லை என்பது நல்ல செய்தி என்று நினைக்காதீர்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒன்றாக வைத்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் முதல் ரகம் சுமார் 900 கிராம், இரண்டாவது 1.8 கிலோ, மூன்றாவது 4.2 கிலோ. ஊசியும் இல்லை மாயமும் இல்லை, அத்தனையும் இனத் தேர்வு. அதாவது கோழியின் உடம்புக்குள்ளேயே அதன் கஷ்டத்தை எழுதி வைத்துவிட்டோம். நெஞ்சுக்கறி வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. ஆறு வாரத்தில் வெட்டுவதால் மிச்சத்தை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. அந்தக் குஞ்சுகளின் அப்பா அம்மாக்கள், பேரண்ட் கோழிகள், ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும். அவற்றுக்கும் அதே உடம்பு. வயிறாரத் தின்னவிட்டால் கனத்துப்போய்ச் செத்துவிடும் அல்லது முட்டையிடாது. ஆகவே வளரும் பருவம் முழுக்க அளந்துதான் தீவனம், அதாவது பசியோடேயே வளர்ப்பது. எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அப்ப நாட்டுக்கோழி வாங்கினா சரியா?

எந்த நாட்டுக்கோழி? கடையில் அந்தப் பெயரில் தொங்குவதில் நிறைய கிராஸ் ரகம், ஷெட்டில் அடைத்து வளர்த்தது. பழுப்பு முட்டையும் அத்தாட்சி இல்லை, பழுப்பு முட்டையிடும் லேயர் ரகங்கள் இருக்கின்றன, அவையும் கூண்டில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. பெட்டியில் புல்வெளிப் படம் போட்டால் கூடுதலாக நாலு ரூபாய், படத்துக்குத்தான் அந்தக் காசு.

கிராமத்தில் எல்லாமே கருணைமயம் என்றும் சொல்லமாட்டேன். அம்மாயி கோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதே அம்மாயி, அடை தெளியவில்லை என்றால் கோழியின் மூக்கில் அதன் இறகையே குத்திவிடுவார், தண்ணீரில் முக்கி எடுப்பார். சேவல்கட்டு வேறு தனிக் கதை. ஆனாலும் அந்தக் கோழிக்கு இடையில் ஒரு வாழ்க்கை இருந்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறியது, காக்காயைத் துரத்தியது, மழை வந்தால் திண்ணைக்கு ஓடி வந்தது. கடைசி நாள் கெட்ட நாள் என்பதால் மற்ற நாட்களும் கெட்டதாகிவிடாது, அதே கணக்கில் கடைசி நாள் மட்டும் சுத்தமாக நடந்தால் கூண்டுக் காலம் சரியாகிவிடாது.

எப்படியும் வெட்டித்தான் திங்கப் போறோம். எப்படி வளர்ந்தா என்ன?

நாம் எல்லாரும் எப்படியும் சாகத்தான் போகிறோம். அதனால் எந்த வீட்டில் எப்படி இருந்தால் என்ன என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கோயில்ல கிடா வெட்டுறதைக் கேக்காம இதைக் கேக்குறீங்களே?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1950லேயே தமிழ்நாட்டில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் இருந்தது, 2003இல் ஜெயலலிதா அரசு திடீரென்று அதைத் தூசி தட்டி எடுத்தது, கிராமங்களில் பெரிய எதிர்ப்பு வந்தது, 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஜல்லிக்கட்டு கதை எல்லாருக்கும் தெரியும், 2014இல் தடை, 2017இல் மெரினா, 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் திருத்தம் செல்லும் என்றது.

என் சங்கடம் வேறு. கிடா வெட்டு ஊருக்கு நடுவில் நடக்கிறது, ரத்தம் தெரிகிறது, வெட்டுகிறவர்கள் அதற்கு முன்னால் நிற்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சாவை, அதுவும் ஏழைப்பட்ட, கீழே வைக்கப்பட்ட சாதிகளின் சாமி முன்னால் நடக்கும் சாவைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். ஒன்றரை வருஷம் கம்பியில் நிறுத்தி வைத்தது பிளாஸ்டிக் டப்பாவில் வந்தால் நாகரிகம் என்கிறோம். அந்தக் கிடாய் வெட்டப்படும் நாள்வரை ஏரிக்கரையில் மேய்ந்தது. எதாகப் பிறக்கலாம் என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

இது பிராமணர் பேச்சு மாதிரி இருக்கே?

இந்தச் சந்தேகம் வருவது சரிதான். இந்த நாட்டில் சைவம் என்பது விலங்கைப் பற்றிய கேள்வியாக இருந்ததைவிட மனுஷனைத் தள்ளி வைக்கும் கருவியாக இருந்தது அதிகம். கறி சாப்பிடுகிறவனுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று சொல்கிற வீட்டில் தினமும் இரண்டு லிட்டர் பால் வாங்குவார்கள். பசு சினையாகிக் கன்று போட்டால்தான் பால். போட்ட கன்று காளையாக இருந்தால், உழவும் வண்டியும் இல்லாத காலத்தில் அதற்கு என்ன வேலை? சந்தைக்குப் போகும் லாரியில் ஏறும். பாலுக்குக் கறியில் பங்கு இல்லை என்று நினைப்பது வசதியான நினைப்பு. நான் காபி குடிக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறேன்.

சத்துணவு முட்டையையும் வேண்டாம்னு சொல்வீங்களா?

சொல்லமாட்டேன். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, இன்று வாரம் ஐந்து என்று வந்து நிற்கும் முட்டை அது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த முட்டைக்காக மட்டும் வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தத் தட்டில் கை வைக்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் அரசாங்கம்தான் அத்தனை முட்டையையும் மொத்தமாக வாங்குகிறது என்றால், எந்த மாதிரிப் பண்ணையிலிருந்து வாங்குவது என்று கேட்கிற இடத்திலும் அதுதானே இருக்கிறது? கோழிக்கு இடம் கேட்டால் பிள்ளைக்கு முட்டை கிடைக்காது என்று இரண்டையும் மோதவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சட்டம் என்னதான் சொல்லுது?

சென்னையில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, நியாயமாக நடமாட முடியாத அளவுக்குச் சின்னக் கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று தெளிவாகவே சொல்கிறது. சொல்லிவிட்டு அபராதம் போடுகிறது, முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. எழுத்துப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். பத்து முட்டை அந்த விலைக்கு வராது.

முட்டை குறைந்த கோழிகளை நாள்கணக்கில் பட்டினி போட்டு இறகை உதிரவைத்து மறுபடி முட்டைக்குக் கொண்டுவரும் பழக்கம் ஒன்று இருந்தது. அது இந்தச் சட்டப்படி குற்றம் என்று விலங்கு நல வாரியம் 2011இல் மாநிலங்களுக்கு எழுதியது. எழுதத்தான் முடிந்தது.

அப்ப பண்ணைக்காரங்கதான் கெட்டவங்களா?

சித்தப்பாவிடம் அந்தக் கம்பிக் குளியலைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "உனக்கென்ன கண்ணு, பார்த்துட்டுப் பரிதாபப்பட்டுட்டுப் போயிருவ. மக்காச்சோளம் மூட்டை என்ன வெலைன்னு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. முட்டை விலையை அவர் வைப்பதில்லை, தினமும் பேப்பரில் வருகிறது, ஐந்து காசு ஏறுகிறது பத்து காசு இறங்குகிறது. கூண்டில் இரண்டு கோழியைக் குறைத்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் குறைக்கமாட்டார்.

கறிக்கோழி வளர்ப்பவர் நிலை இன்னும் மோசம். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்களுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், ராத்திரி முழிப்பு மட்டும் விவசாயியுடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. கோழி அவருடையதே இல்லை என்னும்போது அதை எப்படி வளர்ப்பது என்று அவரிடம் மட்டும் கேட்பது அநியாயம். கூண்டில்லாத பண்ணைக்கு இடம் கூட வேண்டும், ஆள் கூட வேண்டும், முட்டை விலை கூடும். அந்தக் கூடுதலைத் தின்கிற நாம் கொடுக்காமல் விவசாயி தலையில் கட்டினால் எதுவும் மாறாது.

நீங்க ஒருத்தர் விட்டா என்ன ஆயிடப்போகுது?

வள்ளுவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார், 256ஆம் குறள்: தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு ஊன் விற்கிறவரும் இருக்கமாட்டார். நான் கொல்லவில்லை, கடையில் வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்த ஆள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறான் போல. என் ஒருவனால் வருஷத்துக்கு இருபது முப்பது கோழி குறையலாம். நாமக்கல்லுக்கு அது ஒரு தூசு. இருபது முப்பது கோழிக்குத் தூசு இல்லை.

கடைக்காரர்கிட்ட ஏதாவது கேக்கலாமா?

கேளுங்கள். சாப்பிடுவதை விடப் போவதில்லை என்றால்கூட இதைச் செய்யலாம். வழக்கமாக இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தராசில் போடுவார்கள், கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் எறிந்து மூடியைப் போடுவார்கள். உள்ளே இருந்து அந்தத் தடதடச் சத்தம் வரும். அது அடங்கும்வரை எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கவனித்துப் பாருங்கள், யாரும் டிரம்மைப் பார்க்கமாட்டார்கள். தலைகீழாகத் தூக்காமல் இறக்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சொல்லலாம். அரைகுறையாக அறுக்காமல் ஒரே வெட்டாக, கூரான கத்தியில் அறுக்கச் சொல்லலாம். மற்ற கோழிகளின் கண் முன்னால் வேண்டாம் என்று ஒரு சாக்கைத் தொங்கவிடச் சொல்லலாம்.

பிராய்லர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் இதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், "சார், ஞாயித்துக்கிழமை நூத்தம்பது கிலோ போகணும்" என்றார். அடுத்த வாரம் போனபோது கூண்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பழைய தீவனச் சாக்கு தொங்கியது. எனக்காகத்தான் போட்டாரா, வெயிலுக்குப் போட்டாரா என்று கேட்கவில்லை.